ஒரே கையில் இரண்டு நடுக்கம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார்கள். மருத்துவர்களுக்குப் பேசுவதுபோல் பேச வேண்டாம். சேலையூரிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வந்து உட்காருகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பயன்படுத்திக்கொள்ளும்படி பேசுங்கள் என்றார்கள். ஆகவே, மூளைக்குள் மின்முனை வைத்துச் செய்யும் ஆழ்மூளைத் தூண்டல் என்ற பெரிய பொருளில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அசைவுக் கோளாறுகள் இருந்தால் என்ன செய்வது? பாடப்புத்தகம் நோய்களைத் தனித்தனி அத்தியாயங்களாக வைத்திருக்கிறது. வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்கள் அப்படிப் பிரிந்து வருவதில்லை.

முதலில் நடுக்கத்தைப் பார்த்துவிடுவோம். கையை மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்க்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆடும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் அந்த ஆட்டம் குறையும். சில சமயம் நின்றே போகும். நொடிக்கு 4 முதல் 6 தடவை வரை இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். கூடவே, நடக்கும்போது அந்தக் கை வீசாது. கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட அரைமணி ஆகும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதி வைத்த நோய் இது. நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்கிறோம்.

இன்னொரு நடுக்கம் இதற்கு நேர்மாறு. சும்மா கிடக்கும் கை ஆடாது. காபியை டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது ஆடும். வங்கியில் கையெழுத்துப் போடும்போது ஆடும். கோலத்தில் புள்ளியைச் சுற்றி இழை இழுக்கும்போது மாவு நெளிநெளியாக விழும். இரண்டு கையிலும் இருக்கும். தலையும் குரலும் சேர்ந்து நடுங்கலாம். “எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு சார்” என்று பலரும் சொல்வார்கள், ஏனென்றால் இது குடும்பத்தில் ஓடுவது. எசென்ஷியல் ட்ரெமர் என்பது இதன் பெயர்.

மூன்றாவது, டிஸ்டோனியா. தசை தானாக முறுக்கிக்கொண்டு கழுத்தை ஒரு பக்கம் கோணலாக இழுக்கும். எழுதும்போது மட்டும் விரல்கள் பேனாவை நெரிக்கும். இதிலும் நடுக்கம் உண்டு. ஆனால் அது சீராக இல்லாமல் வெட்டிவெட்டி வரும். கழுத்து இப்படி இழுக்கிறவர்கள் தாடையில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தொடுதலிலேயே கழுத்து சற்று நேராகும். வேறு நோய்களில் பெரும்பாலும் காணக் கிடைக்காத இந்தத் தந்திரத்தை எந்த மருத்துவரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார், அவர்களே கண்டுபிடித்துக்கொண்டது.

இனி, இவை சேர்ந்து நிற்கும் விதத்தைப் பார்ப்போம். முப்பது வயதிலிருந்தே கை நடுங்கியவர் ஒருவர். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. டம்ளரைப் பாதிதான் நிரப்பித் தருவார்கள். அறுபதைத் தாண்டியபின் வலது கை மட்டும் மந்தமாகிறது, மடியில் கிடக்கும்போதும் ஆடத் தொடங்குகிறது. பழைய நடுக்கம் வயசால் கூடிவிட்டது என்று வீடு நினைக்கிறது. மருத்துவரும் பழைய சீட்டைப் பார்த்துப் பழைய மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுகிறார். பார்க்கின்சன் உள்ளே வந்து உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதேபோல, பார்க்கின்சன் உள்ளவர் விடியற்காலையில் முதல் மாத்திரைக்கு முன் பாதம் உள்பக்கம் திரும்பி, விரல்கள் மடங்கி, வலியில் துடிப்பார். அதைச் சதைப்பிடிப்பு என்று தைலம் தடவிக்கொண்டிருப்பார்கள். அது டிஸ்டோனியா.

அறுவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். தலைச்சுற்றலுக்கு என்று மாதக்கணக்கில் சாப்பிடும் சின்னாரிசின், ஃப்ளுனாரிசின் ஆகியவை பார்க்கின்சனைப் போலவே ஒரு நிலையை உண்டாக்கும்; நிறுத்தினால் பெரும்பாலும் மெல்லச் சரியாகும். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டும், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமாலும் கையை நடுங்க வைக்கும். தாம்பரத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் உள்ள ஊர் இது. நெஞ்சக நோய்க்காரர்கள் இன்றும் இங்கேதான் வருகிறார்கள். எசென்ஷியல் ட்ரெமருக்கு முதலில் எழுதும் மருந்து ப்ரோப்ரனலால். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். கை நடுக்கத்துக்குப் போகும் மருத்துவரிடமும் ‘எனக்கு இளைப்பு இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பூனைக்காலி விதைச் சூரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பார்க்கின்சனுக்கு இன்று முதன்மை மருந்தான லெவோடோபா அந்த விதைக்குள் இருக்கிறது. 1937-இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் இராமசாமியும். அந்த மூலப்பொருள் பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று மேலை நாடுகள் கண்டுகொள்ள மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆகவே அந்தச் சூரணத்தை நான் ஏளனமாகப் பார்ப்பதில்லை. அதைச் சாப்பிடுகிறவர் என்னிடம் மறைக்கக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை. ஆங்கில மாத்திரையோடு சேர்ந்தால் லெவோடோபா இரட்டிப்பாகும். கை கால் தன்னிச்சையாக வளைந்து நெளியத் தொடங்கும். அதையும் நோய் என்று நினைத்து இன்னொரு மருந்தை நான் எழுதிவிடக் கூடாது.

மூளையில் மின்முனை வைப்பது எப்படித் தொடங்கியது? மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஆழத்தில் ஒரு புள்ளியை அளவு பிசகாமல் எட்டும் ஸ்டீரியோடாக்டிக் முறையை மனிதர்களிடம் முதலில் செய்தவர்கள் ஃபிலடெல்ஃபியாவின் ஸ்பீகலும் வைசிஸும், ஆண்டு 1947. சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் டாக்டர் டி. எஸ். கனகாவும் சேர்ந்து அறுபதுகளில் அந்த முறையை இங்கே வேரூன்றச் செய்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகள், மூளைவாதத்தால் கைகால் முறுக்கிக்கொண்ட பிள்ளைகள் என்று அவர்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அப்போது செய்தது புள்ளியைச் சுட்டு அழிப்பது. அழித்தது அழித்ததுதான், திரும்பாது.

கனகாவை இந்த அவையில் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1932-இல் பிறந்தவர். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். மூளைக்குள் மின்முனையை நிரந்தரமாக விட்டுவைக்கும் வேலையை இந்தியாவில் முதலில் செய்தவர்களில் அவரும் உண்டு. ஆழ்மூளைத் தூண்டலை 1975-லேயே செய்தவர் என்று அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. ஓய்வுபெற்ற பின் சொந்தப் பணத்தைப் போட்டுப் பெற்றோர் பெயரில் ஓர் அறநிலையம் நடத்தி இலவச வைத்தியம் பார்த்தார், 2018-இல் காலமானார். மருத்துவக் கல்லூரிகளில் இன்று இந்தச் சிகிச்சையைப் படிக்கும் பிள்ளைகளுக்கு, பின்னர் இதில் பெயர்பெற்ற பிரான்சின் கிரனோபிள் நகரம் தெரிகிறது. சென்னை பார்க் டவுனில், நம் அரசு பொது மருத்துவமனையில் நடந்தது தெரிவதில்லை. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிற விஷயம்.

அதே சென்னைக் குழு, அடங்காத குழந்தைகளின், ஆத்திரக்காரர்களின் நடத்தையை மாற்றவும் மூளைக்குள் புள்ளிகளை அழித்தது. அன்றைக்கு உலகில் பல இடங்களில் நடந்ததுதான். இன்று நெறிமுறைக் குழுக்கள் அதை எளிதில் அனுமதிக்க மாட்டா, அனுமதிக்கவும் கூடாது. முன்னோடிகளை வணங்கும்போது இதை விட்டுவிட்டு வணங்குவது சரியில்லை. சம்மதம் சொல்ல இயலாத ஒருவரின் மூளையை நாம் தொடுகிறோம் என்ற அச்சம் இந்தத் துறைக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

1987-இல் பிரான்சின் கிரனோபிளில் அலீம் லூயி பெனாபிட், அழிக்கும் முன் புள்ளியைச் சோதிக்க மின்சாரம் செலுத்துகையில், நொடிக்கு நூறு துடிப்புகளைத் தாண்டியதும் நடுக்கம் நிற்பதைக் கண்டார். அப்படியானால் அழிப்பானேன், மின்சாரத்தையே தொடர்ந்து கொடுக்கலாமே என்று தாலமஸ் என்ற பகுதியில் மின்முனையை விட்டுவைத்தார். அமெரிக்காவின் மாலன் டிலாங் குழு 1990-இல் பார்க்கின்சன் உண்டாக்கப்பட்ட குரங்குகளில் தாலமஸுக்குக் கீழுள்ள சப்தாலமிக் கருவைச் செயலிழக்கச் செய்து, அவை மறுபடி நகர்வதைக் காட்டியது. 1993-இல் பெனாபிட் குழு அதே இடத்தில் மனிதருக்கு மின்முனை வைத்தது. இருவருக்கும் 2014-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

கருவி எளிது. 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி. அதன் நுனியில் நான்கோ எட்டோ மின்தொடுகைகள். தோலுக்கடியில் கழுத்து வழியாக வயர் இறங்கி, மார்பில் உள்ள பேட்டரியோடு சேரும். பொதுவாக நொடிக்கு 130 துடிப்புகள். கடினம் எல்லாம் நுனி எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான். எசென்ஷியல் ட்ரெமருக்குத் தாலமஸின் ஒரு பகுதி. பார்க்கின்சனுக்குச் சப்தாலமிக் கரு அல்லது குளோபஸ் பாலிடஸின் உட்பகுதி. டிஸ்டோனியாவுக்குப் பெரும்பாலும் அந்த உட்பாலிடம். ஒரு நோய்தான் என்றால் முடிவு ஓரளவு நேராக வரும்.

இரண்டு இருந்தால்? தாலமஸில் வைத்தால் கை நடுக்கம் அற்புதமாக நிற்கும். ஆனால் பார்க்கின்சனின் மந்தத்துக்கும் விறைப்புக்கும் அது ஒன்றும் செய்யாது. எசென்ஷியல் ட்ரெமர் என்று தாலமஸில் மின்முனை வைத்துக்கொண்டவருக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் வெளிப்படுவது உண்டு. நடுங்காத கையோடு நகர முடியாமல் உட்கார்ந்திருப்பார். வேறு இடத்தில் மறுபடி மின்முனை வைக்க நேரும். சப்தாலமிக் கருவில் வைத்தால் பார்க்கின்சனின் நடுக்கம், மந்தம், விறைப்பு மூன்றும் குறையும், மாத்திரையும் குறையும். ஆனால் ஆண்டுக்கணக்கான செயல் நடுக்கம் முழுதும் அடங்காமல் போகலாம். அந்தக் கருவுக்குச் சற்றுப் பின்னால், சிறுமூளையிலிருந்து தாலமஸுக்குப் போகும் நரம்புப் பாதை ஓடுகிறது. கம்பியைச் சரியான கோணத்தில் இறக்கினால் மேல்தொடுகை அந்தப் பாதைக்கு அருகிலும் கீழ்த்தொடுகை கருவுக்குள்ளும் அமையும். ஒரே கம்பியில் இரண்டையும் கவனிக்கும் வழி இது. இப்போதுள்ள கம்பிகளில் மின்சாரத்தை ஒரு பக்கமாகத் திருப்பவும் முடிகிறது. சிலருக்கு இரண்டு இலக்குகளிலும் தனித்தனிக் கம்பி வைக்கிறார்கள். கம்பி கூடக் கூட ரத்தக்கசிவுக்கும் தொற்றுக்கும் வாய்ப்பும் கூடும்.

இதில் எது சிறந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் கலப்பில்லாத நோயாளிகளைத்தான் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கின்றன. 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 299 பேரைச் சப்தாலமிக் கருவுக்கும் பாலிடத்துக்கும் பிரித்துப் பார்த்தார்கள். அசைவில் பலன் ஏறக்குறைய சமம். அவர்கள் பார்க்கின்சன் நோயாளிகள். இரண்டு நோயும் உள்ளவருக்கு நம்மிடம் இருப்பது சிறு எண்ணிக்கையிலான அனுபவப் பதிவுகளே.

ஆகவேதான், இலக்கைத் தேர்ந்தெடுப்பதில் நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு எந்த ஸ்கேனுக்கும் இல்லாத இடம் இருக்கிறது என்று நம்புகிறேன். டோபமைன் ஸ்கேன் பார்க்கின்சன் இருக்கிறதா என்று காட்ட உதவும். எது உங்களை முடக்குகிறது என்று காட்டாது. எங்கள் அறைகளில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். இது ஒரு தனி ஆளின் கதையில்லை. நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு மகன்தான் பதில் சொல்வார்: “அம்மா நடக்கறதுதான் சார் பிரச்சினை. விழுந்துடுவாங்களோன்னு பயமா இருக்கு.” அவரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “அம்மா, நீங்க சொல்லுங்க, எது உங்களை ரொம்பப் படுத்துது?” என்று கேட்டால் வேறு பதில் வரும். “நடை பரவாயில்ல டாக்டர், மெதுவாப் போயிக்கறேன். கல்யாணத்துல பந்தியில உட்கார முடியல. ரசஞ்சாதம் வாய்க்குப் போறதுக்குள்ள பாதி மடியில விழுது. மருமகள் ஸ்பூன் கொடுக்கறா, அதுலயும் சிந்துது. இப்பல்லாம் பந்தி முடிஞ்சப்புறம்தான் சாப்பிடறேன்.”

இந்தப் பதில் இலக்கையே மாற்றும். செயல் நடுக்கம்தான் அந்த அம்மாவின் வாழ்க்கையைச் சுருக்கியிருக்கிறது. மகன் சொன்னதை மட்டும் வைத்துத் திட்டமிட்டால், நடைக்காக அறுவை செய்து, அவர் பந்திக்குப் போகவே முடியாமல் விட்டிருப்போம். அதிலும், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் சரியாகாத தடுமாற்றமும் விழுதலும் இந்த அறுவையிலும் பெரும்பாலும் சரியாவதில்லை. மகனின் பயம் நியாயமானது. அதற்கு வழி பிசியோதெரபி, குளியலறைக் கைப்பிடி, காலணி.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கு அளவுகோல்கள் உண்டு. பார்க்கின்சன் என்றால், முந்தைய இரவிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலையில் அளந்து, மாத்திரை கொடுத்து மீண்டும் அளப்போம். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம் தெரிய வேண்டும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் மின்சாரத்துக்கு அடங்கும். இரண்டு நோய் உள்ளவருக்கு இந்தச் சோதனை இன்னொரு வகையிலும் கைகொடுக்கும்: மாத்திரைக்கு எது குறைகிறது, எது அப்படியே நிற்கிறது என்று கண்ணெதிரே பிரித்துக் காட்டும். ஞாபக மறதி முற்றியவர்களுக்கும், பார்க்கின்சனைப் போலத் தோன்றும் வேறு சில வேகமான நோய்கள் உள்ளவர்களுக்கும் இந்த அறுவை வேண்டாம்.

அறுவை அரங்கில் பல மையங்களில் நோயாளி விழித்தே இருப்பார். மூளைக்கு வலி தெரியாது. தலையில் சட்டம் மாட்டும் இடத்தில் மரப்பு ஊசி போடுவார்கள். மெல்லிய மின்முனை இறங்க இறங்க, நரம்பணுக்களின் துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கும். சப்தாலமிக் கருவைத் தொட்டதும் அந்த இரைச்சல் சட்டென்று அடர்த்தியாகும். பிறகு மின்சாரம் கொடுத்து, கையைத் தூக்கச் சொல்லி, காகிதத்தில் சுருள் வரையச் சொல்வோம். நடுக்கம் சில நொடிகளில் நிற்கும். விறைப்பு நிமிடங்களில் தளரும். டிஸ்டோனியா மட்டும் அப்படி வழிக்கு வராது. முறுக்கிய கழுத்து நேராக வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். கலப்பு நோய் உள்ள குடும்பங்கள் மனம் உடைந்துபோவது இங்கேதான். கை நின்றுவிட்டது, கழுத்து அப்படியே இருக்கிறது, ஆபரேஷன் பாதி தோற்றுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது எங்கள் கடமை. மூளைக்குள் ரத்தக்கசிவு நூற்றில் ஓரிருவருக்கு நேரலாம் என்பதையும் கையெழுத்து வாங்கும் நிமிடத்துக்கு வெகு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அதன்பின் வருவது ப்ரோகிராமிங். எந்தத் தொடுகை, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு அகலத் துடிப்பு என்று வெளியிலிருந்தே மாற்றி மாற்றிப் பார்ப்பது. நடுக்கத்துக்காகக் கூட்டினால் பேச்சு குழறலாம். பேச்சுக்காகக் குறைத்தால் கை ஆடலாம். இரண்டு நோய் என்றால் இந்தப் பேரம் நீளும். பல மாதங்களுக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். வண்டலூருக்கு அப்பாலிருந்து ஒருவர் அரசு பொது மருத்துவமனைக்காக மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வரை போய் வருவதை நினைத்துப் பாருங்கள். பார்க்கின்சனில் குறுகலான வாசலைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ரயில் பெட்டியின் வாசலும் குறுகல்தான். வண்டி நிற்பதோ ஒரு நிமிடம்கூட இல்லை. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பெரிய தனியார் மருத்துவமனைகள் வந்துவிட்டன. அறுவை செய்ய இடமுண்டு. இந்தப் புறநகரில் அரசு மருத்துவமனை ஒன்றில் வாரம் ஒரு நாள் அசைவுக் கோளாறுகளுக்கான வெளிநோயாளிப் பிரிவும், மின்முனை வைத்தவர்களுக்கு ப்ரோகிராமிங்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. இதைக் கேட்கும் தகுதி இந்த ஊருக்கு வந்துவிட்டது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்பு. இந்தக் கருவியின் விலை பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். சார்ஜ் ஏற்ற முடியாத பேட்டரி 3 முதல் 5 ஆண்டுகள்தான் உழைக்கும். டிஸ்டோனியாவுக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுவதால் இன்னும் சீக்கிரம் தீரலாம். அப்போது மறுபடி செலவு. பேட்டரி திடீரென்று நின்றால் முறுக்கம் முழு வேகத்தில் திரும்பும். அது அவசர நிலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் அதில் இருக்கிறது. டிஸ்டோனியாவும் எசென்ஷியல் ட்ரெமரும் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. இரண்டு நோயும் உள்ளவருக்கு, எதைச் சீட்டில் முதலில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அட்டை கிடைப்பதும் கிடைக்காததும் அமைந்துவிடக் கூடாது. பட்டியலை விரிவாக்க வேண்டும். அதுவரை மருத்துவர்கள் எல்லா நோய்களையும் முழுமையாக எழுதித் தர வேண்டும்.

ஏற்கெனவே கருவி வைத்துக்கொண்டவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கலாம். மூட்டுவலிக்கென்று பிசியோதெரபி மையத்தில் டயாதெர்மி என்ற சூட்டு வைத்தியம் தருவார்கள். அதை ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள். கம்பியின் நுனி சூடேறி மூளைத் திசுவையே கருக்கிவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கருவியின் அட்டையைக் காட்டிய பிறகே படுங்கள். பார்க்கின்சன் மாத்திரையை யார் பேச்சைக் கேட்டும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது கை ஆடினால், செல்போனில் வீடியோ எடுங்கள். டிவி பார்க்கும்போது மடியில் கிடக்கும் கை, காபி ஆற்றும்போது, கையெழுத்துப் போடும்போது, தெருவில் திரும்பி நடக்கும்போது, காலை மாத்திரைக்கு முன், மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பின். ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். எங்கள் அறையில் பதற்றத்தில் நடுக்கம் கூடலாம், சிலருக்கு மறைந்தும் போகலாம். வீட்டில் எடுத்தது உண்மையைச் சொல்லும். அந்த வீடியோவோடு, தலைச்சுற்றல் மாத்திரை, இளைப்பு மருந்து, சூரணம் உட்பட வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நடுங்குகிறவரே பேசட்டும், கூட வருகிறவர் அதன்பின் பேசலாம்.